தீவகத்துப் பெட்டகமும் அலுமாரியும்

அரசர் ஆண்ட காலமும் அவர் செய்த போரும் வரலாற்று நூல்களில் விரிவாக இடம்பெறுகின்றன. ஒரு குடும்பத்தார் தம் உடுதுணிகளை எங்கே வைத்தனர், எந்த ஒழுங்கில் அடுக்கினர், பூட்டிய திறப்பை யார் வைத்திருந்தனர் என்பன பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஆயினும் ஒரு மக்கட் கூட்டத்தின் செல்வநிலையும் வாணிகமும் சட்டமும் பெண்களின் உரிமையும் அந்தத் துணிப்பெட்டிக்குள் மடிந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவகம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களில் துணியைப் பேணுதல் எளிதான செயலன்று. நாற்புறமும் கடல். வைகாசி பிறந்தால் சோளகக் காற்று உப்பையும் மணலையும் அள்ளி வரும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கியதும் சுவரெல்லாம் ஈரம் கசியும். உப்புப் படிந்த துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் தங்கிய மடிப்பிற் பூஞ்சணம் பிடிக்கும். துருவேறிய இரும்பாணி ஒன்று பட்டாலும் போதும், அக் கறை எளிதில் நீங்காது. இராமபாணப் பூச்சியும் கறையானும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே இங்கே துணியை அடுக்கி வைத்தல் உடைமையைக் காக்கும் தொழிலாகவே இருந்தது.

பழைய வீடுகளுட் பல மண் சுவரும் பனையோலைக் கூரையும் உடையன. நெடுந்தீவில் கடற்பவளக் கற்களை அடுக்கி வேலியும் சுவரும் எழுப்பினர். இவ்வீடுகளில் அன்றாடம் உடுக்கும் துணிக்கு அறையின் குறுக்கே கட்டிய கொடியே இடம். மாற்றுத் துணி பனையோலையால் இழைத்த மூடற்பெட்டிக்குள் இருந்தது. ஓலைப்பெட்டி காற்றை உள்ளே புகவிடுதலால் துணி புழுங்குவதில்லை. ஆனால் எலிக்கும் கள்வனுக்கும் அது தடையாகாது. இரண்டொரு துணிக்கு மேல் இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு அதுவே போதுமாயிற்று. நிலமும் தோணியும் உடையவர்களே மரப்பெட்டகம் செய்வித்தனர்.

பெட்டகம் என்பது மேல்மூடி உடைய பெரிய மரப்பெட்டி. இச்சொல் சிங்களத்திலும் ‘பெட்டகம’ என வழங்குகின்றது. சில பெட்டகங்களின் அடியிற் சில்லுகள் பொருத்தப்பட்டிருந்தன. சிலவற்றின் மேல் ஒருவர் படுத்துறங்கலாம். பனையன்றிப் பெருமரங்கள் அரிதான தீவகத்துக்குத் தேக்கும் முதிரையும் வெளியிலிருந்தே வரவேண்டும். ஊர்காவற்றுறை அக்காலத்தில் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் வந்து தங்கிய துறை. பெட்டகத்தின் மூலைகளிலும் பூட்டுவாயிலும் பித்தளைத் தகடு அடித்தனர். அது அழகும் தந்தது. உப்புக் காற்றில் இரும்பைப்போலத் துருவேறித் துணியைக் கெடுக்காமலும் இருந்தது.

மேலே திறக்கும் பெட்டியில் அடியிலுள்ள பொருளை எடுக்க மேலுள்ள அனைத்தையும் எடுத்தல் வேண்டும். இவ்வியல்பே அடுக்கும் முறையை வகுத்தது. காணி உறுதிகளும் நகைச் செப்பும் அடியில் இருந்தன. அவற்றின் மேல் வீட்டுத் தலைவியின் கூறைச்சேலை. அதன் மேல் கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் உடுக்கும் பட்டுக்கள். அவற்றுக்கும் மேல் வெள்ளை வேட்டியும் சால்வையும், விருந்தினர்க்கு விரிக்கும் துணியும். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் கொடியேறும்போது பட்டுக்கள் வெளியே வரும். திருவிழா முடிந்ததும் உலர்ந்து மடிந்து உள்ளே செல்லும். ஆண்டின் நாட்காட்டியே பெட்டகத்துள் அடுக்கடுக்காக இருந்தது எனலாம்.

அடுக்குதற்கும் நெறிகள் இருந்தன. பட்டை வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றி வைத்தனர். ஒரே மடிப்பில் நெடுநாட் கிடந்தாற் சரிகை முறியுமாதலால், காலத்துக்குக் காலம் பிரித்து மடிப்பை மாற்றினர். சாயம் வெளிறாதபடி நிழலில் உலர்த்தினர். கஞ்சிப்பசை பூச்சிகளுக்கு உணவாதலால், கஞ்சியிட்ட துணியை நெடுங்காலம் வைப்பதில்லை. உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் பூச்சியை விலக்கின. தாழம்பூ மணம் தந்தது.

இத்தகைய வீடுகளுக்குள்ளே ஐரோப்பியரின் ஆட்சி மெல்ல மெல்லப் புகுந்தது. 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தர் அவர்களை வென்றனர். தம் நாட்டு நகரங்களின் பெயரை எடுத்து நெடுந்தீவுக்கு டெல்ப்ட் என்றும், நயினாதீவுக்கு ஆர்லெம் என்றும், வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் பெயரிட்டனர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சிகள் மாறின, அவை விட்டுச்சென்ற சொற்கள் வீட்டிலே தங்கிவிட்டன. கதிரை, மேசை, வாங்கு, லேஞ்சி என்பன போர்த்துக்கேயச் சொற்களின் திரிபுகள். அலுமாரியும் அவ்வாறே. அதன் மூலம் ‘அர்மாரியும்’ என்னும் இலத்தீன் சொல். படைக்கலம் வைக்கும் இடம் என்பது அதன் பழம்பொருள். மேசையிலும் அலுமாரியிலும் இழுத்துத் திறக்கும் லாச்சி, ஒல்லாந்தர் தந்த சொல். தமிழ்நாட்டார் அலுமாரியைப் பீரோ என்பர். அது பிரெஞ்சுச் சொல்லாகும்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தமிழ்நாட்டிலே பெருவழக்காயுள்ள சாவி என்பதும் போர்த்துக்கேயச் சொல்லே. போர்த்துக்கேயர் நேரே ஆண்ட யாழ்ப்பாணத்திலோ மக்கள் அதனைத் திறப்பு என்றே இன்றும் வழங்குகின்றனர். பூட்டி வைக்கும் கலத்துக்கு அயற்சொல் வந்தபோதும், அதனைத் திறக்கும் கருவிக்குத் தமிழ்ச்சொல்லே நிலைத்தது.

அத்திறப்பு வீட்டுத் தலைவியின் சீலைத்தலைப்பில் முடியப்பட்டிருந்தது. அதற்குப் பின்னே சட்டமும் இருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைக் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுக்க, பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். 1707 இல் நிறைவெய்திய அத்தொகுப்பே தேசவழமை. 1806 இல் ஆங்கிலேயரும் அதனைச் சட்டமாக ஏற்றனர். கணவன் வழி வந்தது முதுசம், மனைவி கொண்டு வந்தது சீதனம், இருவரும் சேர்ந்து ஈட்டியது தேடியதேட்டம் எனத் தேசவழமை வேறுபடுத்திற்று. பெண்ணின் சீதனம் கணவனின் முதுசத்தோடு கலவாது தனித்து எண்ணப்பட்டது.

1911 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுரிமையை மேலும் வரையறுத்தது. மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். அசையும் பொருளை அவ்வாறான இசைவின்றியே அவள் கையாளலாம். பெட்டகத்தின் முழுப் பொருளும் இங்கேதான் விளங்குகின்றது. அதன் அடியிலிருந்த உறுதி அவள் பெயரில் இருந்தும், அவள் கை அதன்மேல் தனித்துச் செல்லாது. அவ்வுறுதியின் அருகே இருந்த காப்பும் சங்கிலியும், மேலிருந்த பட்டும் அவள் தன் விருப்பப்படி எடுக்கக்கூடிய செல்வங்கள். மகனின் படிப்புக்கும் மகளின் மணத்துக்கும் தாய் திறந்த வங்கி அப்பெட்டகமே. ஒழுங்காக அடுக்கி வைத்தவளுக்குத் தன்னிடம் எவ்வளவு உண்டென்பது தெரிந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் வாழ்க்கை மாறிற்று. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் மலாயாவின் அலுவலகங்களுக்கும் புகையிரதப் பகுதிக்கும் சென்றனர். தீவகத்தார் பலர் கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்தனர். தைத்த சட்டை, கோட்டு, காற்சட்டை என்பன பெருகின. வேட்டியும் சேலையும் மடிப்பில் அடங்கும். கோட்டு தொங்கவிட்டாற்றான் உருக்குலையாது. அலுமாரி இதற்குப் பொருத்தமாயிற்று. கதவைத் திறந்ததும் அனைத்தும் கண்ணிற் படும். ஒன்றை எடுக்க மற்றொன்றைக் கலைக்க வேண்டியதில்லை. பெட்டகம் சடங்குக்கேற்ப அடுக்கப்பட்டது. அலுமாரி ஆளுக்கேற்பத் தட்டுத் தட்டாகப் பிரிந்தது. தந்தைக்கு ஒரு தட்டு, பிள்ளைக்கு ஒரு தட்டு என்னும் நிலை வந்தது. உறுதிகள் லாச்சிக்குள் புகுந்தன. பெட்டகம் பல வீடுகளில் நெல்லும் பாத்திரமும் வைக்கும் இடமாகத் தாழ்ந்தது.

1990, 1991 ஆம் ஆண்டுகளில் போர் தீவகத்தைச் சூழ்ந்தது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து பெருந்தொகையான மக்கள் வீடுவாசலை விட்டு நீங்கினர். பெட்டகத்தைத் தூக்கிச் செல்ல இயலாது. அலுமாரியையும் கொண்டு செல்ல இயலாது. கையிற் கொள்ளுமளவு எடுக்கவே நேரமிருந்தது. எது எங்கே இருக்கிறதென்று அறிந்தவர்கள் உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் கூறைச்சேலையையும் எடுத்துக்கொண்டு செல்ல முடிந்தது. உறுதியை இழந்தவர்கள் பின்னாளில் தம் காணி தமதே என நிலைநாட்ட மிகவும் இடர்ப்பட்டனர். துணி அடுக்கும் ஒழுங்கு ஒரு குடும்பத்தின் உரிமையைக் காக்கும் அளவுக்குப் பெரிதாகுமென்பது அப்போது தெளிவாயிற்று.

இன்று தீவகத்தாரின் மக்களும் பேரர்களும் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். அங்கே சுவரோடு சேர்த்துக் கட்டிய அலுமாரிகளில் உடைகள் தொங்குகின்றன. உப்புக் காற்று இல்லை. மாரியின் ஈரமும் இல்லை. ஆயினும் தாயின் கூறைச்சேலையை வெள்ளைத் துணியிற் சுற்றி, மடிப்பை மாற்றி, அடித்தட்டில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் நிலவுகின்றது. பெட்டகம் போய்விட்டது, அரியதை அடியில் வைத்துக் காக்கும் அதன் முறை இன்னும் போகவில்லை.