கம்போங் தெருக்கள் அழகு பெற்ற வரலாறு

நகரத்தை அழகுபடுத்தப் போகிறோம் என்று ஆட்சியாளர் அறிவிக்கும்போதெல்லாம் ஏழைகளின் நெஞ்சில் அச்சம் எழுகின்றது. அழகுபடுத்துதல் என்னும் சொல்லுக்குக் குடிசைகளை அகற்றுதல் என்பதே உலகின் பல நகரங்களில் பொருளாக இருந்து வந்திருக்கின்றது. மக்களை இருக்குமிடத்திலேயே இருக்கவிட்டு, அவர்தம் தெருவை அழகாக்குதல் இயலாதா? இவ்வினாவுக்குச் செயலால் விடை தந்த நாடுகளுள் இந்தோனேசியா குறிப்பிடத்தக்கது.

மலாயாவுக்குச் சென்று பொருளீட்டிய முன்னோரைக் கொண்ட நம் குடும்பங்களுக்குக் 'கம்போங்' என்ற சொல் புதிதன்று. மலாய் மொழியில் அது கிராமத்தைக் குறிக்கும். ஜாவாத் தீவின் நகரங்கள் வளர்ந்து வயல்களையும் கிராமங்களையும் விழுங்கியபோது, விழுங்கப்பட்ட கிராமங்கள் நகரத்தின் நடுவே அதே பெயருடன் நின்றுவிட்டன. தொழிலாளரும் சிறு வணிகரும் வண்டி இழுப்போரும் அவற்றில் நெருங்கி வாழ்ந்தனர். மழை பெய்தால் சந்துகள் சேறாயின. சாக்கடை வீட்டு வாசலைத் தொட்டது.

டச்சுக்காரர் ஆட்சியில் கம்போங்குகள் தன்னாட்சி உடையவை என்று சட்டம் கூறிற்று. கேட்பதற்கு இனிமையான அச்சொல், அங்கே பணம் செலவிடாதிருக்க நகராட்சிகளுக்கு நல்லதொரு சாக்காயிற்று. 1911ஆம் ஆண்டு ஜாவாவில் பிளேக் நோய் பரவிய பின்னரே, கம்போங்கின் அழுக்கு ஐரோப்பியர் தெருவுக்கும் வந்து சேரும் என்ற உண்மை அவர்களுக்கு உறைத்தது. 1920களில் சில நகரங்களில் நடைபாதையும் வடிகாலும் அமைக்கும் பணி தொடங்கிற்று. அக்காலத்தில் பத்தாவியா என வழங்கிய ஜகார்த்தாவின் நகர மன்றத்தில் கம்போங் மக்களுக்காக இடைவிடாது வாதாடியவர் முஹம்மது ஹுஸ்னி தம்ரின். 1941இல் அவர் மறைந்தார். அவர் தொடுத்த வழக்கு மட்டும் முடியாமல் நின்றது.

விடுதலைக்குப் பின் ஜகார்த்தாவின் மக்கள் தொகை பெருகிற்று. 1961இல் ஏறத்தாழ 29 லட்சமாக இருந்தது, 1971இல் 45 லட்சத்தைத் தாண்டியது. இத்தனை பேருக்கும் புது வீடு கட்டித் தர அரசிடம் பணமில்லை. 1966 முதல் ஆளுநராக இருந்த அலி ஸாதிகின் 1969இல் ஒரு திட்டத்தைத் தொடங்கி, அதற்குத் தம்ரினின் பெயரையே சூட்டினார். வீடுகளைத் தொடுவதில்லை என்பதே அத்திட்டத்தின் உயிர்நாடி. அரசு செய்ய வேண்டியவை நடைபாதை, வடிகால், குடிநீர்க் குழாய், பொதுக் குளியலறையும் கழிப்பிடமும், குப்பைத் தொட்டி, மருந்தகம், பள்ளி ஆகியவை. வீட்டைச் செப்பனிடுவது வீட்டுக்காரர் பொறுப்பு. பாதை அமைக்கத் தம் வேலியையும் சுவரையும் உள்ளே தள்ளி இடம் கொடுத்தவர்கள் இழப்பீடு பெறவில்லை. 1974 முதல் உலக வங்கியும் இதற்குக் கடன் வழங்கிற்று.

விளைவு என்ன? காலில் சேறு ஒட்டாத பாதை வந்ததும், மூங்கில் தட்டிக்குப் பதிலாகச் செங்கல் சுவர் எழுப்ப வீட்டுக்காரருக்கு மனம் வந்தது. சுவர் எழுந்ததும் சுண்ணாம்பு பூசினர். வாசலில் பூந்தொட்டி வைத்தனர். பூந்தொட்டியிலிருந்து தொடங்கியிருந்தால் முதல் மழையில் அது மிதந்து போயிருக்கும். சாக்கடையிலிருந்து தொடங்கியதனாலேயே அழகு நிலைத்தது.

ஸுரபாயா நகரம் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. தேசிய கீதத்தை இயற்றி, 1938இல் அந்நகரிலேயே மறைந்த ஸுப்ரத்மானின் பெயரால் 1960களின் இறுதியில் அங்கே ஒரு திட்டம் எழுந்தது. நடைபாதைக்கான கான்கிரீட் பலகைகளை நகராட்சி அளிக்க, செலவில் பெரும்பங்கையும் உழைப்பையும் கம்போங் மக்கள் ஏற்றனர். தம் பங்கைத் திரட்டிக்கொண்டு முன்வந்த கம்போங்குக்கே முதலிடம். இவ்வாறு ஒன்றுகூட அவர்களுக்கு ஏற்கெனவே ஓர் அமைப்பு இருந்தது. ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் மக்களைக் கண்காணிக்க ஏற்படுத்தப்பட்ட அண்டைவீட்டுக் குழுக்களே பிற்காலத்தில் தெருவைத் துப்புரவு செய்யும் குழுக்களாயின. ஒடுக்குவதற்கென்று செய்த கருவி உதவுவதற்குப் பயன்பட்ட விந்தை இது! கெபாலென் என்னும் கம்போங்கில் ஸுரபாயா தொழில்நுட்பக் கழகத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் மக்களுடன் அமர்ந்து திட்டம் வகுத்தனர்.

யோக்யகர்த்தாவில் நிகழ்ந்ததோ இன்னும் நெஞ்சைத் தொடுவது. சோடே ஆற்றங்கரையில், குப்பை கொட்டும் சரிவில், முப்பது நாற்பது ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1983இல் அவர்களை அகற்ற அரசு முனைந்தது. கட்டடக் கலைஞரும் நாவலாசிரியருமான மங்குன்விஜாயா என்ற கத்தோலிக்கப் பாதிரியார், அப்பகுதித் தலைவர் வில்லி பிரசெத்யாவுடன் சேர்ந்து அதனை எதிர்த்தார். சரிவில் கற்சுவர் எழுப்பி மண்ணை நிறுத்தினர். தென்னை மரத்தாலும் மூங்கிலாலும் எளிய வீடுகளைக் கட்டினர். ஓவிய மாணவர் வந்து, குடியிருப்போருடன் சேர்ந்து, சுவர்களில் வண்ணச் சித்திரங்கள் தீட்டினர். இரண்டே ஆண்டுகளில் பணி நிறைவுற்றது. இங்கே வண்ணம் வெறும் அலங்காரமன்று. 'நாங்களும் இந்நகரத்தார்' என்று சுவர் பேசிய மொழி அது.

முஸ்லிம் சமுதாயங்களின் கட்டடக் கலைக்கென 1977இல் நிறுவப்பட்ட ஆகா கான் விருது இம்மூன்று பணிகளையும் பெருமைப்படுத்திற்று. ஜகார்த்தாவுக்கு 1980இல் விருது கிடைத்தது. விழா நடந்தது ஷாஜஹான் காலத்து லாகூர் ஷாலிமார் தோட்டத்தில்! கெபாலென் 1986இலும், ஆற்றங்கரைக் குடியிருப்பு 1992இலும் பெற்றன. பேரரசன் அமைத்த தோட்டத்தில் ஏழையின் சந்துக்கு மாலை சூட்டியது நினைக்கத்தக்கது.

ஆயினும் வரலாறு புகழ்மாலை மட்டுமன்று. அதே அலி ஸாதிகின்தான் 1970இல், பிழைப்புத் தேடி வருவோர்க்கு ஜகார்த்தாவின் கதவை அடைக்க முயன்றார். பொதுக் கழிப்பிடத்தைக் கழுவுவது யார் பொறுப்பு என்று முடிவு செய்யாத இடங்களில் அது விரைவில் பாழாயிற்று. எல்லாவற்றினும் பெரிய குறை, பாதை தந்த அரசு நிலத்திற்குப் பட்டா தராததே. 1980களிலும் 1990களிலும் ஜகார்த்தாவின் நடுப்பகுதியில் நிலத்தின் விலை ஏறியபோது, செப்பனிடப்பட்ட கம்போங்குகள் பல வானளாவிய கட்டடங்களுக்கு இடம் விட்டு மறைந்தன. அழகு வந்தது, அழகாக்கியவர் தங்க முடியவில்லை.

ஸுரபாயாவில் பெரும்பாலான கம்போங்குகள் நிலைத்தன. 2004இல் ஜப்பானின் கித்தாக்யூஷு நகரத்தார் துணையுடன், சமையற்கழிவை உரமாக்கும் கூடை அங்கே அறிமுகமாயிற்று. பெண்கள் அதனை வீடு வீடாகக் கொண்டு சென்றனர். தூய்மைக்கும் பசுமைக்கும் கம்போங்குகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன.

நம் ஊர்த் தெருவுக்கும் எவரேனும் வண்ணமும் பூச்செடியும் கொண்டு வரலாம், நன்றியுடன் வரவேற்போம். ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு வரவேற்போம். நீர் வடிய வழி செய்தாயிற்றா? நாளை இதனைப் பேணுவது யார்? இதில் வாழ்பவர் பத்தாண்டு கழித்தும் இதில் வாழ்வாரா? மூன்றாம் கேள்விக்கு விடையில்லாத அழகு, வேறு எவருக்கோ நாம் கூட்டிப் பெருக்கி வைக்கும் முற்றமேயாகும்.