ஜீரோ டர்ன் புல்வெட்டி: வீட்டு உபயோகத்துக்கு நீடித்து உழைக்கும் யந்திரத்தைத் தெரிந்தெடுத்தல்

ஜீரோ டர்ன் புல்வெட்டி என்பது, பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி விசையால் இயக்கப்படுவதால் நின்ற இடத்திலேயே முழுவட்டமாகத் திரும்ப வல்லதும், ஒருவர் மேலே அமர்ந்து ஓட்டுவதுமான புல்வெட்டும் யந்திரமாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புறநகர்களிலும் சிற்றூர்களிலும், வீட்டைச் சூழ அரை ஏக்கர் முதல் நாலைந்து ஏக்கர் வரை புல்தரை வளர்க்கும் கிருகஸ்தர்களிடையே இது பெரிதும் வழக்கில் உள்ளது. ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பதிலாக, ஓட்டுபவரின் இருபுறத்திலிருந்தும் வளைந்து மடிக்கு மேலே வந்து நிற்கும் இரு லீவர்களே இதைச் செலுத்துவன. இரண்டையும் ஒருங்கே முன்னே தள்ள யந்திரம் நேரே செல்லும். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாக நகர்த்த, பம்பரம்போல் இருந்த இடத்திலேயே சுழலும். முன்சக்கரங்களுக்கு விசையும் இல்லை, திசைகாட்டும் அதிகாரமும் இல்லை. அவை இழுத்த பக்கம் திரும்பும் வெறும் உருளைகளே. ஆதலால், சரிவில் பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்துவிட்டால் யந்திரத்தைத் திருப்பவோ நிறுத்தவோ வேறு வழி இராது என்பதையும், 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் இதை ஓட்டலாகாது என்று தயாரிப்பாளர்கள் பொதுவாக விதித்திருப்பதையும், வாங்க நினைப்பவர் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். குளக்கரையும் செங்குத்தான மேடும் உள்ள நிலத்துக்கு இது உரிய யந்திரம் அன்று.

புல்வெட்டும் யந்திரத்தின் வரலாறு, இங்கிலாந்தில் குளொஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஸ்ட்ரவுட் வட்டாரத்தில் எட்வின் பியர்ட் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேற்பரப்பை ஒருசீராகக் கத்தரிக்கும் ஆலை யந்திரத்தைக் கண்டு அதே தத்துவத்தைப் புல்லுக்கு மாற்றி 1830ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றதிலிருந்து தொடங்குகிறது. ஆனால் நாம் பேசும் யந்திரம் அமெரிக்கக் கோதுமைச் சமவெளியின் பிள்ளை. 1960களில் கான்ஸஸ் மாநிலத்தின் ஜான் ரெகியர் அமைத்த இரட்டை லீவர் யந்திரத்தின் உரிமையை, அதே மாநிலத்தில் ஹெஸ்டன் என்னும் சிற்றூரில் இருந்த எக்ஸல் நிறுவனம் பெற்று, ‘ஹஸ்லர்’ என்ற பெயரில் பரப்பிற்று. நெடுங்காலம் இது புல்வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் கருவியாக இருந்தது; பின்னரே, விலை குறைந்த இலேசான வகைகள் தோன்றிப் பெருங்கடைகளின் வாசல்களில் வரிசையாக நின்று வீட்டுக்காரர்களை அழைக்கலாயின. அவ்வாறு விலை குறைந்தபோது எந்தெந்த உறுப்பில் இரும்பு குறைந்தது என்பதை அறிவதே தெரிந்தெடுக்கும் கலையின் பெரும்பகுதி.

வீட்டு உபயோகத்தில் ஆயுள் என்பது எதைப் பொறுத்தது என்பதைச் சிறு கணக்கால் தெளியலாம். மணிக்கு எத்தனை மைல் வேகம் என்பதை வெட்டும் அகலத்தின் அங்குலங்களால் பெருக்கி 99 ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் வெட்டக்கூடிய ஏக்கர் கிடைக்கும். 42 அங்குல யந்திரம் 5 மைல் வேகத்தில் ஏட்டளவில் 2 ஏக்கருக்குச் சற்று மேல் வெட்டும். திருப்பங்களும் மரங்களைச் சுற்றும் வளைவுகளும் சேர, ஓர் ஏக்கருக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நியாயம். அந்த ஓர் ஏக்கரை ஆண்டில் முப்பது வாரம் வெட்டினாலும் இருபத்துமூன்று மணி நேரத்தைத் தாண்டாது. இருபது ஆண்டுகள் உழைத்தாலும் ஐந்நூறு மணியை எட்டாது. தொழில்முறையாளர் ஒரே பருவத்தில் இதைக் கடந்துவிடுவது சாதாரணம். எனவே, வீட்டு யந்திரத்தைக் கொல்வது உழைப்பைக் காட்டிலும் பெரும்பாலும் ஓய்வே: வெட்டுத்தட்டின் அடியில் ஒட்டிய ஈரப்புல்லால் ஏறும் துரு, குளிர்காலம் முழுதும் கார்புரேட்டரில் தங்கிக் கெடும் பெட்ரோல், காய்ந்து வெடிக்கும் பெல்ட், எஞ்சின் மூடிக்குள் கூடுகட்டும் எலி. அமெரிக்கப் பெட்ரோலில் வழக்கமாகப் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதும், அது ஈரத்தை ஈர்ப்பதும் இத்துன்பத்தைப் பெருக்குகின்றன. பதினைந்து சதவீதம் கலந்ததை இவ்வகைச் சிறு எஞ்சின்களில் ஊற்றவே கூடாது.

இவ்வளவு சொல்லியும், உழைப்பால் தேய்ந்து யந்திரத்தின் வாழ்வையே முடித்துவிடும் உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் சக்கரங்களை இயக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்ஆக்ஸில். எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாகச் சுழற்சி பெறும் பம்பில், வட்டமாக அடுக்கிய சிறு பிஸ்டன்கள் ஒரு சாய்தட்டின்மீது ஓடுகின்றன; லீவரை நகர்த்துகையில் தட்டின் சாய்வு மாறி, பிஸ்டன்கள் தள்ளும் எண்ணெயின் அளவும் திசையும் மாறுகின்றன; அவ்வெண்ணெயின் அழுத்தமே அருகிலுள்ள மோட்டாரைச் சுழற்றிச் சக்கரத்தை ஓட்டுகிறது. இதில் பல் மாற்றுதலும் இல்லை, கிளட்சும் இல்லை. எல்லாம் எண்ணெயின் தூய்மையையும் பிசுக்கையுமே நம்பியிருக்கின்றன. வெப்பம் மிகுந்தால் எண்ணெய் நீர்த்து, உலோகத் துகள்கள் கலந்தால் வழவழப்பான பரப்புகள் கீறப்பட்டு, அழுத்தம் உள்ளுக்குள்ளேயே கசியத் தொடங்கும்.

இத்துறையில் பெரிதும் பயன்படுவன இல்லினாய் மாநிலத்தின் ஸலிவன் நகரத்து ஹைட்ரோ-கியர் நிறுவனத்தின் உறுப்புகள். அவற்றுள் மலிவான ஈ.இஸட்.டி. வகையில் கழற்றி மாற்றத்தக்க வடிகட்டி கிடையாது. எண்ணெயை மாற்ற விரும்புபவர் உறுப்பையே யந்திரத்தினின்று இறக்கிக் கவிழ்க்க நேரிடும். மேல்படியான இஸட்.டி.-2800இலும் அதற்கு மேற்பட்டவற்றிலும் வெளியிலிருந்தே மாற்றத்தக்க வடிகட்டி உண்டு. சமதரையான ஓர் ஏக்கருக்கு ஈ.இஸட்.டி. பல்லாண்டு போதுமானதே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மேடுபள்ளமான நிலத்திலும், பின்னால் வண்டி கட்டி இழுக்கும் வேலையிலும் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். குதிரைத்திறனில் இரண்டு கூடுவதற்காகக் கொடுக்கும் பணத்தை இந்த ஓர் உறுப்பின் தரத்துக்குக் கொடுப்பதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம். கடையில் விலைச்சீட்டில் இதன் பெயர் அநேகமாகக் காணப்படாது. கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து நோக்க வேண்டியது ‘டெக்’ எனப்படும் வெட்டுத்தட்டு. ஒரே தகட்டை அச்சில் அழுத்தி வடித்தது ஒருவகை; தடித்த தகடுகளை வெட்டி வெல்டிங் செய்து கட்டியது மற்றொருவகை. தடிப்பைக் குறிக்கும் கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்: 13 கேஜ் என்பது ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.4, 7 கேஜ் 4.6. அழுத்தி வடித்த தட்டின் வளைவுகளில் காற்று தடையின்றிச் சுழல்வதால் அது புல்லை அழகாகவே வெட்டும்; அதனை இகழ வேண்டியதில்லை. ஆயினும் வேர்முண்டிலும் கல்லிலும் மோத நேரும் நிலத்தில், பத்து அல்லது பதினொரு கேஜில் கட்டிய தட்டே நிலைக்கும். வாங்குபவர் கூச்சப்படாமல் கடைத்தரையில் மண்டியிட்டு, தட்டைத் தூக்கச் செய்து அடியில் பார்க்க வேண்டும். பிளேடுகளைத் தாங்கும் ஸ்பிண்டில்கள் பொருந்தும் இடத்தில் தகடு இரட்டிப்பாக வலுவூட்டப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. ஏனெனில் விரிசல் அங்கேதான் முதலில் தோன்றும். ஸ்பிண்டிலின் கூடு வார்ப்பிரும்பா, அலுமினியமா என்பதையும், அதன் பக்கத்தில் பட்டாணியளவில் துருத்தி நிற்கும் கிரீஸ் நிப்பிள் உண்டா என்பதையும், இருந்தால் கிரீஸ் துப்பாக்கியின் வாய் பெல்ட்டின் மூடியைக் கழற்றாமலே அதனை எட்டுமா என்பதையும் கவனிக்க. எட்டாத நிப்பிளுக்கு எவரும் கிரீஸ் ஏற்றுவதில்லை. தட்டில் ரப்பர்க் குழாயைப் பொருத்தித் தண்ணீர் பாய்ச்சும் வசதியை விசேஷமாக விளம்பரம் செய்வதுண்டு. பேரிங்குகளுக்குள் ஈரம் புகக்கூடுமாதலால், காய்ந்தபின் மரக்கரண்டியாலோ தகட்டாலோ சுரண்டுவதே மேல்.

எஞ்சினைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. கவாஸாகி, கோஹ்லர், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் ஆகிய மூவரின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களும் ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் வீட்டு உபயோகத்தில் பெரும்பாலும் யந்திரத்தின் ஆயுள் முழுதும் நிற்கும். கவாஸாகியில் எஃப்.ஆர். வரிசை வீட்டுக்கும், எஃப்.எஸ்., எஃப்.எக்ஸ். வரிசைகள் தொழிலுக்கும் உரியன. வறண்ட புழுதி நிலத்தில் வசிப்பவர்க்கு மட்டும், பெரிய உருளைக் கூட்டில் அமைந்த காற்று வடிகட்டி கூடுதல் விலைக்குத் தகும்.

அகலத்தை நிர்ணயிப்பதில் ஆசைக்கு இடங்கொடுத்தல் தகாது. வேலிக் கதவின் அகலத்தை அளந்தபின்பே கடைக்குச் செல்ல வேண்டும். 48 அங்குலத் தட்டு என்றால், பக்கவாட்டில் நீளும் புல் வெளியேற்றும் மடலையும் சேர்க்க, யந்திரம் அதனினும் அகலமானது.

பழுதுபார்க்கும் கடை அருகில் இருப்பது தகட்டின் தடிப்புக்குச் சற்றும் குறையாத காரணம். நிறுவனங்கள் கைமாறும் காலம் இது: ஹஸ்லரைத் தயாரித்த எக்ஸலும், கப் கேடட்டைத் தயாரித்த எம்.டி.டி.யும் 2021இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கருக்குச் சொந்தமாயின. பெயர் நிலைத்திருந்தாலும் உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்பது மாறக்கூடும். ஆகையால் பெல்ட்டும் பிளேடும் ஸ்பிண்டிலும் கையிருப்பில் வைத்திருக்கும் வியாபாரியிடம், பெருங்கடையைவிடச் சிறிது அதிகம் கொடுத்தும் வாங்கலாம். உத்தரவாதச் சீட்டில் ஆண்டுகளோடு மணிக்கணக்கும் வரம்பாக எழுதப்பட்டிருப்பதுண்டு. அயலார் புல்லைக் கூலிக்கு வெட்டினால் வீட்டு உபயோக உத்தரவாதம் செல்லாது போகலாம்.

புதிய மெல்லிய யந்திரத்தின் விலையில், தொழில்முறையாளர் பயன்படுத்தி விற்கும் பழைய கனத்த யந்திரம் கிடைக்கும்போது, இரண்டு ஏக்கருக்கு மேல் உள்ளவர் பின்னதைப் பரிசீலிப்பது நன்று. ஆனால் ஆறிய யந்திரத்தை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்கலாகாது. அரைமணி நேரம் வெட்டி, எண்ணெய் நன்கு சூடேறியபின், சிறிய மேடொன்றில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போது தயங்கும் யந்திரத்தையும், ஒரு பக்கமாகவே இழுத்துச் செல்லும் யந்திரத்தையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரு டிரான்ஸ்ஆக்ஸில்களையும் மாற்றும் செலவு, மிச்சம் பிடித்த பணத்தை விழுங்கிவிடும்.