கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் 38 ஆண்டுகள்

பதினான்காம் லூயி மன்னன் 1685ஆம் ஆண்டில் நான்டஸ் கட்டளையை நீக்கியபின், பிரான்சில் சீர்திருத்தச் சபைக்குச் சட்டத்தில் இடமில்லாமற் போயிற்று. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாடு கடத்தப்பட்டனர். எஞ்சிய விசுவாசிகள் மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் மறைவாகக் கூடி ஆராதித்தனர். இஸ்ரவேலரின் பயணத்தை நினைவிற்கொண்டு தங்கள் சபையை ‘வனாந்தரச் சபை’ என்றழைத்தனர். இக்கூட்டங்களில் பிடிபட்ட ஆண்கள் அரசாங்கக் கப்பல்களில் துடுப்பு வலிக்க அனுப்பப்பட்டனர், பெண்கள் சிறையிலடைக்கப்பட்டனர். போதகர்களுக்குக் காத்திருந்தது தூக்குமரம்.

இச்சபையின் போதகருள் ஒருவர் பியேர் துரான். அவரைப் பிடிக்க இயலாத அதிகாரிகள் 1729இல் அவருடைய முதிய தந்தையைச் சிறைப்படுத்தினர். அடுத்த ஆண்டில் தங்கை மரி துரானின் முறை வந்தது. அவருக்கு அப்போது வயது 19. தென் பிரான்சில் எக்மோர்த் நகரின் சதுப்பு நிலத்தருகே நிற்கும் கோன்ஸ்தான்ஸ் கோபுரம் அவருக்குச் சிறையாயிற்று. அண்ணன் 1732இல் பிடிபட்டு மொம்பெலியே நகரில் தூக்கிலிடப்பட்டார். தங்கையைப் பிணையாக வைத்திருந்ததன் காரணம் அத்துடன் தீர்ந்தது. கதவோ மேலும் 36 ஆண்டுகள் திறக்கவில்லை.

அதைத் திறக்கும் வழி கைதிகளின் வாயிலேயே இருந்தது. தங்கள் விசுவாசத்தை மறுதலிப்பதாகச் சொன்னால் வெளியேறலாம். சிலர் அவ்வாறு சென்றனர். அவர்களை நியாயந்தீர்க்க நாம் முன்வரவில்லை. தடித்த சுவர்களுக்குள் குளிரையும் சதுப்புக் காய்ச்சலையும் தாய்மாரோடு குழந்தைகளும் அனுபவித்த இடம் அது.

மேல்தளக் கூடத்தின் நடுவிலுள்ள துவாரத்தைச் சுற்றிய கல்லில், ‘எதிர்த்து நில்’ எனப் பொருள்படும் ஒரே சொல் செதுக்கப்பட்டுள்ளது. வட்டாரப் பேச்சின் சாயலால் அதன் எழுத்துக் கூட்டலும் பிழையுடையது. மரி துரானே அதைச் செதுக்கினாரென்பது மரபு, சான்று கிடையாது. பிரசங்கிகள் பெரிதும் விரும்புவது இக்கல்லையே. எனினும் அவருடைய நிலைநிற்றலை அறிய நாம் நாடவேண்டியது அவருடைய கடிதங்களை என்பது நம் கருத்து.

அக்கடிதங்களை வாசிப்போர் அசையாத வீராங்கனை ஒருத்தியை எதிர்பார்த்தால் ஏமாற்றமடைவர். ஜெனீவாவில் வளர்ந்த அண்ணன் மகளுக்கு அவர் புத்தி சொல்கிறார். பதில் எழுதாததற்குக் கடிந்துகொள்கிறார். நீம் நகரின் போதகர் போல் ரபோவுக்கும் வெளிநாட்டுச் சபைகளுக்கும் உடன் கைதிகளின் சார்பிலும் எழுதுகிறார். உதவி வந்தால் நன்றி, வராவிட்டால் முறையீடு. நோயும் வறுமையும் மறைக்கப்படவில்லை. அதே தாளில், அதே மையில், தங்கள் பாடுகள் தேவனுடைய சிட்சை என்னும் அறிக்கையும் விடுதலைக்கான மன்றாட்டும் இடம் பெறுகின்றன. முறையீட்டையும் ஜெபத்தையும் பிரித்தெடுக்க முயல்வோர் இங்கே தோல்வியடைவர். லூக்கா 18ஆம் அதிகாரத்தின் விதவை அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பச் சென்றாள். அவளை ஜெபத்தின் முன்மாதிரியாக நமது ஆண்டவர் காட்டினாரேயன்றி, வாய்மூடிச் சகித்த ஒருத்தியை அங்கே காட்டவில்லை. ஆயினும் ‘சகிப்பு’ எனும் தலைப்பில் நம் பிரசங்க மேடைகள் பெரும்பாலும் மௌனத்தையே போதித்து வருகின்றன. நோயுற்றோரும் ஏழைகளும் தங்கள் தேவையைச் சொல்ல வாய் திறக்கும்போது, அது விசுவாசக் குறைவென்று எண்ணவும் நாம் பழகிவிட்டோம்.

லாங்டாக் மாநிலத்தின் படைத்தலைவராயிருந்த போவோ பிரபுவின் மனம் இரங்கியதால் 1768 ஏப்ரலில் மரி துரான் விடுதலையானார். சொந்த ஊரான பூஷேயில் தம் பழைய வீட்டுக்கு, வறுமையும் நோயுமாகத் திரும்பினார். ஆம்ஸ்டர்டாமின் வாலோன் சபை பின்னர் அவருக்கு ஆண்டு உதவித்தொகை வழங்கியது. அதையும் அவர், கப்பல் தண்டனையிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவரோடு பகிர்ந்துகொண்டார். 1776இல் அவர் மரித்தார். பிரான்சின் புராட்டஸ்டண்டினர் தங்கள் பிறப்பையும் திருமணத்தையும் மரணத்தையும் சட்டப்படி பதிவு செய்ய அனுமதித்த அரசாணை 1787இல்தான் வெளிவந்தது.