அலையைக் கடத்துவித்தோர்



புதுவை நகரிலிருந்து கடலூர்ச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் நோணாங்குப்பம் என்னும் ஊரை அடைவர். அங்கே சுண்ணாம்பாறு கடலை நாடி மெல்ல நடக்கின்றது. ஆற்றங்கரையில் படகுத் துறை ஒன்று உண்டு. விடுமுறை நாட்களில் அங்கிருந்து படகேறி, ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்து மணல்வெளிக்கு மக்கள் செல்வது வழக்கம். ஆற்றில் படகு தொட்டில் போல் அசைந்து செல்லும். மணல்வெளியின் மறுபுறத்தில் காணும் காட்சியோ முற்றிலும் வேறு. அங்கே அலை எழுகின்றது; வளைகின்றது; பேரோசையுடன் உடைகின்றது. சில அடி ஆழமே உள்ள நீரில் நிற்பவனையும் அது புரட்டிவிடும்.

கரைக்கும் ஆழ்கடலுக்கும் இடையே உள்ள இந்தக் குறுகிய நீர்ப்பரப்பைக் கடப்பது எங்ஙனம்? இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும் சோழமண்டலக் கரையின் வரலாற்றில் பெரும்பகுதி இவ்வினாவுக்குக் கிடைத்த விடையே எனலாம். அவ்விடையைக் கண்டவர்கள் யார், அதனை அவர்கள் பிறருக்கு எவ்வாறு பயன்படுத்தினார்கள், இன்று அதனை யார் யாருக்குக் கற்பிக்கின்றார்கள் என்பவற்றையே இன்று சிந்திக்க விரும்புகின்றேன்.

நோணாங்குப்பத்துக்கு அண்மையில், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கின்றது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அங்கே அகழ்ந்தபோது, உரோம நாட்டுச் சாடிகளும் மெருகேறிய மட்கலங்களும் வெளிப்பட்டன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல் 'பொதுகே' எனக் குறிக்கும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. அந்நூல் இக்கரையின் கலங்களைப் பற்றியும் பேசுகின்றது. ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெருங்கலங்கள் இங்கே இருந்தன என்றும், அவற்றைச் 'சங்கரா' என வழங்கினர் என்றும் அதன் ஆசிரியர் எழுதினார். மரத்தோடு மரம் சேர்த்துக் கட்டும் கலை இக்கரையில் அத்துணைத் தொன்மை வாய்ந்தது.

நம் சங்கப் புலவர்களும் நெய்தல் நிலத்தைப் பாடும்போது திமில், அம்பி, தோணி, வங்கம், நாவாய் எனக் கலங்களைப் பல பெயரால் சுட்டினர். ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குமாயின், அம்மக்கள் அப்பொருளோடு நெருங்கி வாழ்ந்தனர் என்பது பொருள். பரதவர் கடலைக் கரையில் நின்று கண்டவர் அல்லர். அதன் மேல் வாழ்ந்தவர்.

இனி, கட்டுமரத்தை நோக்குவோம். மிதக்கும் இயல்புடைய சில மரங்களைச் செதுக்கி, கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். ஆணி இல்லை, பக்கச் சுவர் இல்லை, நீர் புகுந்து மூழ்குவதற்கு உள்ளிடமும் இல்லை. அலை மேலே விழுந்தால் நீர் இடுக்குகளின் வழியே வழிந்தோடிவிடும். கவிழ்ந்தால் மீண்டும் பற்றி ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்தலாம். உடையும் அலையை எதிர்த்து நிற்பதற்கு மாறாக, அதனைத் தன்னூடே செல்லவிடும் அறிவு இதில் அடங்கியிருக்கின்றது. ஆங்கிலேய மாலுமி வில்லியம் டேம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் இக்கலத்தைப் பெயர் சொல்லிக் குறித்தார். தமிழ்ச் சொல் இவ்வாறு ஆங்கிலம் புகுந்தது. இன்று உலகெங்கும் 'கட்டமரான்' என்பது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கின்றது. பெயர் நம்முடையது, பொருள் மாறிவிட்டது.

ஐரோப்பியர் இக்கரைக்கு வந்தபோது பெரியதோர் இடர்ப்பாட்டைக் கண்டனர். 1639-இல் ஆங்கிலேயர் கால்கொண்ட சென்னையிலும், 1674-இல் பிரெஞ்சுக்காரராகிய பிரான்சுவா மார்த்தேன் நிலைகொண்ட புதுவையிலும் இயற்கைத் துறைமுகம் இல்லை. மரக்கலங்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. அங்கிருந்து கரைக்கு வரவேண்டுமாயின் அலைகளைக் கடந்தாக வேண்டும். ஐரோப்பியரின் சிறு படகுகள் அவ்வலையில் அகப்பட்டு நொறுங்கின. ஆகவே, அவர்கள் இம்மண்ணின் படகோட்டிகளையே நாடவேண்டியதாயிற்று.

அப்படகோட்டிகள் பயன்படுத்தியது மசூலாப் படகு. புதுவைப் பிரெஞ்சுக்காரர் அதனைச் 'செலேங்கு' என்றனர். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. ஆணி அறைந்த படகு அலை மோதும்போது விறைத்து நின்று பிளக்கும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். படகோட்டிகள் அலைகளின் வரவைக் கணித்துக் காத்திருப்பர். ஏற்ற அலை வந்ததும் ஒருமிக்கக் குரல் எழுப்பித் துடுப்பு வலிப்பர். அலையின் முதுகில் ஏறிக் கரையில் வந்து விழுவர். பயணி எவரேனும் கடலில் வீழ்ந்தால் எடுத்துக் கரைசேர்க்கக் கட்டுமரக்காரர் உடன் வருவதும் உண்டு. கடல் கொந்தளித்து எப்படகும் இறங்க இயலாத நாட்களில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே கடிதம் கொண்டுசென்றவர்களும் அவர்களே. முடைந்து செய்த கூர்நுனித் தொப்பியினுள்ளே கடிதங்களை நனையாமல் வைத்து, அலையினுள் மறைந்தும் வெளிப்பட்டும் அவர்கள் சென்ற காட்சியை ஐரோப்பியர் பலர் வியந்து எழுதினர்.

ஆளுநரும் வணிகரும் படைத்தலைவரும் அப்படகோட்டிகளின் கைத்திறத்தை நம்பியே இம்மண்ணில் காலடி வைத்தனர். அவர்கள் கரையிறங்கிய பின்னர் என்ன ஆயிற்று? வந்தவர்களின் பெயரை வரலாறு எழுதிற்று. அவர்களைக் கடத்துவித்தவர்களின் பெயரை எழுதவில்லை. அலையை வென்ற கலையைத் தொழில் எனக் கண்டனரே அன்றிக் கல்வி எனக் காணவில்லை. 1866-இல் புதுவையில் கடலினுள் நீண்ட இறங்குபாலம் எழுந்தது. சென்னையில் அந்நூற்றாண்டின் இறுதியில் செயற்கைத் துறைமுகம் உருவாயிற்று. அதன் பிறகு படகோட்டிகளின் தேவை சிறிது சிறிதாகக் குறைந்தது. புதுவையின் பழைய பாலத்தை 1952-ஆம் ஆண்டுப் புயல் அழித்தது. மறைந்த தொழில் அதனால் மீளவில்லை.

உலகின் மற்றொரு மூலைக்குச் செல்வோம். பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுகளில், நீண்ட பலகைமீது நின்று அலையில் சறுக்கிவரும் கலை பன்னெடுங்காலமாக வழங்கிற்று. அரசரும் குடிகளும், ஆடவரும் பெண்டிரும் அதில் ஈடுபட்டனர். கப்பல் தலைவர் குக்கின் குழுவினர் 1778, 1779-ஆம் ஆண்டுகளில் அங்கே தங்கியபோது அதனைக் கண்டு எழுதினர். பின்னர், அயலார் கொணர்ந்த நோய்களால் அம்மக்கள் தொகை பெரிதும் குறைந்தது. சமயப் பணிக்கு வந்தோர் பலரும் அவ்விளையாட்டை விரும்பவில்லை. கலை நலிந்தது.

1908-இல் ஹொனலூலுவில் 'அவுட்ரிகர் கனூ கிளப்' என்னும் சங்கம் அக்கலையை வளர்க்கத் தோன்றியது. அதன் உறுப்பினருள் பெரும்பாலோர் வெள்ளையர். கலைக்கு உரிய மண்ணின் மக்கள் 1911-இல் 'ஹூயி நாலு' என்னும் தம் சங்கத்தை முறைப்படி நிறுவினர். அச்சங்கத்தைச் சேர்ந்தவரே டியூக் கஹனமோக்கு. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற அவர், 1914-ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியா சென்றார். அங்கேயே பலகை செதுக்கி, சிட்னியை அடுத்த கடற்கரையில் அலைமீது நின்று காட்டினார். இசபெல் லெத்தம் என்னும் இளம்பெண்ணையும் தம் பலகையில் ஏற்றி அலைமீது நிற்கச் செய்தார். தம் கலையைப் பூட்டி வைக்காமல் அயலாருக்குக் கையளித்த அப்பெருந்தகைமையால் அக்கலை உலகெங்கும் பரவிற்று. 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம் பெற்றது.

இந்தியாவில் அலைச்சறுக்கு இந்நூற்றாண்டில்தான் சங்கம் அமைத்து வளர்ந்தது. கருநாடகக் கரையில் இஷிதா மாளவியா என்னும் பெண்மணி, தோழர் ஒருவருடன் 2007-இல் 'ஷாக்கா' என்னும் சங்கத்தைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறையை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட முதற் பெண்மணி என அவரைக் கூறுவர். கேரளத்துக் கோவளத்தில் பள்ளியை விட்டு விலகிய சிறுவரை மீண்டும் கல்விக்கு ஈர்க்கச் சங்கம் ஒன்று முயன்றது. பள்ளிக்கு வாராதவனுக்கு அலைப்பலகை இல்லை என்பது அங்கே விதி. அந்தக் கோவளத்து அலைகளில் வளர்ந்த ரமேஷ் புதிஹால், 2025 ஆகஸ்டில் நம் மாமல்லபுரத்தில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

நம் கோவளம் சென்னைக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊர். அவ்வூர் மீனவராகிய மூர்த்தி மேகவன், கடலிலே பழகிய உடலும் கண்ணும் கொண்டு அலைச்சறுக்கைத் தாமே கற்றார். பின்னர் ஊர்ச் சிறுவருக்குக் கற்பித்தார். 2012-இல் நண்பர்களின் துணையோடு அது பள்ளியாக உருப்பெற்றது. புதுவைக்கு வடக்கே தந்திராயன்குப்பத்துக் கடற்கரையிலும், ஆரோவில்லில் வளர்ந்த சகோதரர் இருவர் 'கல்லியாலே' என்னும் அலைப்பள்ளியை நிறுவினர்.

இத்தகைய பள்ளிகளில் முதற்பாடம் கடலில் தொடங்குவதில்லை, மணலில் தொடங்குகின்றது. மாணவன் பலகைமீது குப்புறப் படுத்துக் கைகளால் துழாவக் கற்கின்றான். பின் ஒரே அசைவில் எழுந்து, முழங்கால் மடக்கி, பக்கவாட்டில் நிற்கப் பழகுகின்றான். அதன் பிறகே நீர். அங்கும் உடைந்து நுரைத்த சிற்றலையே முதலில் கிடைக்கும். ஆசிரியர் பலகையைப் பிடித்துக்கொண்டு, அலை நெருங்கும்போது தள்ளிவிடுவார். மாணவன் விழுவான், மீண்டும் ஏறுவான். கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவன் அதனை எதிர்த்து நீந்திக் களைத்தல் ஆகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகவேண்டும் என்பதையும் அங்கே கற்பான். இவ்வொன்றை அறியாமையால் நம் கடற்கரைகளில் மாண்ட இளைஞர் எத்தனை பேர்! கடற்கரை மாவட்டங்களில் பிறந்தும் நீந்தத் தெரியாத மாணவரும், அதிலும் மாணவியரும், நம்மிடையே மிகப் பலர் அல்லரோ?

இங்கே ஒரு மாற்றத்தைக் காண்கின்றோம். அன்று மீனவர் அயலாரை அலை கடத்தினர், கூலி பெற்றனர், மறக்கப்பட்டனர். இன்று மீனவரின் மகன், நகரத்திலிருந்து வந்த கல்லூரி மாணவனுக்கு ஆசிரியனாக நிற்கின்றான். வந்தவன் பயணியாக உட்கார்ந்திருப்பதில்லை. மாணவனாக வணங்கிக் கற்கின்றான். கற்பித்தவனின் பெயரும் அவனுக்குத் தெரியும். சாதியாலும் செல்வத்தாலும் பிரிந்து நிற்கும் நம் சமூகத்தில், இது எளிய மாற்றம் அன்று.

ஆனால், கவலைக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கின்றது. புதுவையில் 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காக எழுப்பிய அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலைத் தடுத்தன. நகரின் மணற்கரை மறைந்தது, கற்பாறைகளே எஞ்சின. அரிப்பு வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம் முதலிய ஊர்களையும் வருத்தியது. நகர் முன்னே நீருக்குள் 2018-இல் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. மணல் இல்லையேல் கட்டுமரம் ஏற்ற இடமில்லை. வலை உலர்த்த இடமில்லை. புதியவன் முதற்பாடம் கற்கவும் இடமில்லை. மீனவனும் அலைச்சறுக்கு மாணவனும் ஒரே மணலை நம்பி வாழ்கின்றார்கள்.

நண்பர்களே! அடுத்த விடுமுறையில் நீங்கள் நோணாங்குப்பம் சென்றால், முகத்துவாரத்து மணலில் சிறிது நேரம் நில்லுங்கள். தகுந்த பாதுகாவலும் பயிற்சியும் இன்றிக் கடலில் இறங்காதீர்கள். உடையும் அலையை நோக்குங்கள். உரோம வணிகனையும் பிரெஞ்சு ஆளுநனையும் அவ்வலையின் மேல் ஏற்றி இறக்கியவர்களின் வழிவந்தோர் இன்றும் அக்கரையில் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவரைக் கண்டால், இன்றைக்குக் காற்று எத்திசை, நீரோட்டம் எத்திசை என்று வினவுங்கள். எந்த நூலிலும் இல்லாத வரலாற்றின் முதற்பாடத்தை அவர் உங்களுக்குச் சொல்லக்கூடும். சொன்னவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.