சுவிசேஷம்

'வீட்டில் ஏதும் விசேஷமா?' என்று கேட்கிறோமே, அந்த விசேஷம்தான் இது. முன்னால் நிற்கும் 'சு' என்ற வடமொழி முன்னொட்டு நன்மையைக் குறிக்கும். கிரேக்கத்தில் இச்சொல் எவாங்கேலியோன்: 'எவ்' நல்ல, 'அங்கேலியா' செய்தி. போர்க்களத்திலிருந்து ஓடிவருபவன் சொல்லும் வெற்றிச் சேதிக்கும் அதே பெயர். அகஸ்துஸ் பேரரசரின் பிறந்தநாளைப் போற்றும் கி.மு. 9-ஆம் ஆண்டின் பிரியேனே கல்வெட்டிலும் இச்சொல் உண்டு. பேரரசருக்குரிய அந்தச் சொல்லைச் சிலுவையில் அறையப்பட்டவருக்குச் சூட்டியது எவ்வளவு பெரிய துணிச்சல்!

இது அறிவுரை அல்ல, செய்தி. அறிவுரை இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லும். செய்தியோ நடந்து முடிந்ததைச் சொல்லும். நம் பாவங்களுக்காக கிறிஸ்து மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் சுருக்கியது அதைத்தான். ஆகவேதான் இரட்சிப்பு கிரியைகளால் சம்பாதிப்பதல்ல, விசுவாசத்தால் பெற்றுக்கொள்வது என்பதில் சுவிசேஷ சபைகள் இவ்வளவு உறுதியாக நிற்கின்றன. அந்தச் சபைகளின் பெயரே இச்சொல்லிலிருந்து வந்ததுதான்.

கத்தோலிக்கர் 'நற்செய்தி' என்பார்கள். அதுவும் அழகான, நேரான தமிழ். எனக்கோ, விசாரிப்பின் வாஞ்சை ஒட்டியிருக்கும் பழைய சொல்மீதுதான் பிரியம்.