ஊர் நத்தமும் சேரி மனையும்

தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டுப் போற வழியில ஒரு ஊர். ஏரி, ஏரிக்கரையில் சோழர் காலத்துக் கோயில், அதைச் சுற்றி இப்போது மனைப்பிரிவுகள். எங்கம்மா பிறந்த ஊர். இருபது வருசம் வாடகை வீட்டில் காலம் தள்ளிவிட்டு, அங்கே சொந்தமாக ஒரு மனை வாங்கலாம் என்று போனேன்.

"ஆயிரம் வருசத்து ஊரு சார்" என்றார் தரகர். "கோயில் தெருவுல ஒண்ணு இருக்கு. ஆனா யாருக்குக் குடுக்கறோம்னு பாப்பாங்க. தப்பா நெனைக்காதீங்க, நீங்க என்ன சமூகம்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ஏரிக்குக் கீழ ஒரு மனை இருக்கு சார். வெலையும் கம்மி. ஒங்க ஆளுங்க பேர்ல இருந்தா சட்டச் சிக்கலும் வராது" என்றார்.

எனக்கென்றால் ஏன் சிக்கல் வராது? இதற்குப் பதில் அந்த ஊரின் மண்ணில்தான் இருக்கிறது.

ஆயிரம் வருசத்துப் பெருமை பேசுகிறவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டி வைத்த கல்வெட்டையும் படிக்க வேண்டும். வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி தனி. சுடுகாடும் அதே பட்டியலில்தான் வருகிறது. யார் எங்கே குடியிருப்பது என்பதை அன்றைக்கே பிரித்து எழுதிவிட்டார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்பட்டு மிராசுதார்களின் கோட்டை. வயல் மட்டுமல்ல, தரிசிலும் முதல் உரிமை அவர்களுக்கே. நம்ம சனங்க தரிசு கேட்டுத் தர்காஸ்து போட்டால் மிராசுதார் குறுக்கே வந்து நிற்பார். அதைவிடக் கொடுமை, சேரியில் குடிசை நிற்கிற மண்ணே தன்னுடையது என்பார். கூலி கூடக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போனால், மனையைக் காலி பண்ணு என்று ஒரு வார்த்தை போதும். கூரையும் சுவரும் நம்முடையவை, அடிமண் அவர்களுடையது. விலங்கில்லாமலே ஆளைக் கட்டிப்போட்ட வித்தை இதுதான்.

1891இல் மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலமில்லாமையையும் குடிமனைக்குப் பாதுகாப்பில்லாமையையும் அதில் எடுத்துச் சொன்னார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கிய அந்த நிலத்தைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். கிராமத்தில் கேட்டால் 'டி.சி. நிலம்' என்பார்கள். அதன் நிபந்தனை கறாரானது: பத்து வருசத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது; அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஆணை காகிதத்தில் இருந்தது. கடனும் பஞ்சமும் குடிசைக்குள் இருந்தன. கைநாட்டு வாங்கிக்கொண்டு எத்தனையோ ஏக்கர் கைமாறியது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நகரம் தெற்கே நீள நீள, நேற்று வரை சீந்துவாரில்லாத தரிசு மனையானது. 1980களில் பட்டா ஆவணங்களைப் புதுப்பித்தபோது, பல ஊர்களில் டி.சி. என்ற குறிப்பே புதிய பதிவேட்டில் காணாமல் போனது.

அதைக் கேட்டு எழுந்ததுதான் காரணைப் போராட்டம். பறிபோன பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலையை நட்டார்கள் மக்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். இன்று நாம் 'பஞ்சமி நிலம்' என்று உரத்துச் சொல்வதில் அவர்கள் ரத்தம் இருக்கிறது.

சாயங்காலம் காலனியில் மாமா வீட்டுக்குப் போனேன். ஏரிக்குக் கீழே என்றதும் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார்.

"அது டி.சி. நெலம்டா. எங்க தாத்தா கேவுரு போட்டது. அம்பது ரூபா கடனுக்கு எழுதி வாங்கிக்கினானுங்க. அத்த நீ காசு குடுத்து வாங்கப் போறியா?"

"நம்ம கைக்கே வருதே மாமா."

"நம்ம கைக்கு வருதா? அவன் திருட்ட ஒங்கையெழுத்த வாங்கிக் கழுவுறான்டா."

தரகர் சொன்ன 'சிக்கல் வராது' இதுதான். நிபந்தனையை மீறி வாங்கியவனுக்கு அந்த நிலத்தில் உரிமையே இல்லை. இல்லாத உரிமையை அவன் எப்படி விற்பான்? ஆனால் பத்திரத்தில் ஒரு தலித்தின் பெயர் ஏறிவிட்டால், மேலோட்டமாகப் பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். கோயில் தெருவில் என்னைத் தள்ளிவைத்த அதே சாதி, ஏரிக்குக் கீழே அவர்களுக்குத் தேவைப்பட்டது.

புறநகரில் மனை பார்க்கிற நம்ம பிள்ளைகள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இப்போதைய பட்டாவோடு நின்றுவிடாதீர்கள். சர்வே எண்ணை எழுதிக்கொண்டு, பழைய பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. டி.சி. என்று இருந்தால் அந்தக் காகிதத்தைக் காலனிக்குக் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

நான் மனை வாங்கவில்லை, வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். பழைய சர்வே எண்ணைப் போட்டு மாமாவும் காலனிக்காரர்களும் எழுதிய மனுவில் பதினேழாவது கையெழுத்து என்னுடையது.