அரைநாள் பள்ளிக்கூடமும் சேரிப் பிள்ளையும்

பண்பாடும் மரபும் மனிதவளத்தை வளர்க்கும் என்கிறார்கள். யாருடைய மரபு, யாரை வளர்த்தது என்று நாம கேட்டாகணும். அதுக்கு 1953ஆம் வருஷமே சாட்சி.

அந்த வருஷம் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஒரு புதுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஐந்து மணி நேரப் பள்ளிக்கூடம் மூணு மணி நேரமானது. மிச்சப் பொழுதில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற கட்டடத்தையும் வாத்தியாரையும் வைத்தே கூடுதல் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். எதிர்த்தவர்கள் வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம்.

காகிதத்தில் எல்லாருக்கும் அதே மூணு மணி நேரம்தான். ஆனா பள்ளிக்கூடம் விட்டுப் போற வீடு ஒண்ணா? எழுத்தே குலத்தொழிலான வீட்டில் பிள்ளைக்குப் படிப்பு தொடரும். பண்ணையாள் மகன் ஆண்டை மாட்டை மேய்க்கணும், சாணி அள்ளணும். அதுக்குக் கல்வின்னு பேரு. கூலி கிடையாது.

சேரியில் அறிவு இல்லாமல் இல்லை. எங்க தாத்தா ஏரிக்கு நீர்க்கட்டி. எந்த மடையை எவ்வளவு திறந்தா கடைசி வயலுக்குத் தண்ணி ஏறும்னு அவருக்குத் தெரியும். ஊர் நெல்லெல்லாம் அவர் பாய்ச்சிய தண்ணியில் விளைஞ்சது. அவருக்கு ஒரு செண்ட் நிலம் இல்லை. அறுப்புக் களத்தில் அளந்து போட்ட நெல்தான் கூலி. அதே அறிவு படிச்சவன் கையில் இருந்தா பொறியியல், சேரியில் இருந்தா அடிமை வேலை. இப்படித் தரம் பிரிச்சது மரபுதான்.

அதனால்தான் நம் முன்னோர் எழுத்தைக் கேட்டார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1894இல் அடையாறில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஆல்காட் இலவசப் பள்ளி திறந்தது. 1907இல் சித்த வைத்தியரான அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். இத்தனைக்கும் பிறகு, 1953இல், அப்பன் வேலைக்கே திரும்பிப் போ என்றார்கள்.

பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. எண்ணம் சாகவில்லை. 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது, குலத்தொழிலா என்ற கேள்வி தமிழ்நாட்டில் மறுபடியும் எழுந்தது.

கைத்தொழிலை நான் இகழல. மடை திறக்கவும் செருப்புத் தைக்கவும் அறிவு வேணும். அந்த அறிவுக்கு நியாயமான கூலி வேணும். பிறப்பைப் பார்த்து அதைத் தலையில் கட்டாதே என்கிறேன். அக்ரகாரத்துப் பிள்ளையும் தோல் பதனிடக் கத்துக்கட்டும். அதுக்கப்புறம் குலத்தொழில் பெருமையைப் பேசலாம்.